சாங்ஷன் ஆகிவிட்டது

எம்.டி. ஓரலியா கப்பல்
வெளி நங்கூரம்
9 ஜனவரி 2024

அன்புத் தங்கை மகிழினிக்கு,

ஜெய்பீம். நான் சுகம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் முட்டி வலி தேவலையா?

கையால் எழுதிய கடிதம் வாட்ஸ்அப்பில் வருகிறதே என்று விழிக்காதே. கப்பலின் சாட்டிலைட் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். கரை பன்னிரண்டு மைல் தள்ளி இருப்பதால் செல்போனுக்கு டவர் எட்டாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை குடிதண்ணீர்ப் படகு வரும். அதை ஓட்டும் மஜீது பாய் கீழக்கரைக்காரர். நான் எழுதுவதைக் கரைக்குப் போனதும் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். நீ எழுதுவதை அவர் எண்ணுக்கு அனுப்பு; அச்செடுத்துக் கொண்டுவந்து தருவார். அவரிடம் வேறு எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

என் ஒப்பந்தம் நவம்பரிலேயே முடிந்தது உனக்குத் தெரியும். போன வாரம் கம்பெனி ஏஜென்ட் வந்தார். சாங்ஷன் ஆகிவிட்டது. நானும் இன்னும் மூன்று பேரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அப்பாவிடம் சொல்.

உன் அண்ணன்,
அறிவு

*

வியாசர்பாடி
17 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். நாங்கள் நலம். உன் கடிதம் வந்த அன்றைக்கு மட்டும் அப்பாவுக்கு முட்டி வலிக்கவில்லை. மூன்று மாடியையும் நாலு தடவை ஏறி இறங்கினார்.

உனக்கு என்றைக்காவது முழுச் செய்தி எழுத வருமா? என்ன தேதி, எந்த விமானம், ஒன்றுமில்லை. "சாங்ஷன் ஆகிவிட்டது, அப்பாவிடம் சொல்." சொன்னேன். அதற்கப்புறம் அவரை யார் பிடிப்பது? "பையனுக்கு லீவு சாங்ஷன் ஆயிடுச்சு, வந்துகினே கீறான்" என்று பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டார். கால்பந்து மைதானத்தில் உன்னோடு ஆடின ஆட்களுக்கெல்லாம் பிரியாணி. முன் அறைக்கு நீல பெயின்ட் அடித்திருக்கிறார், ஜன்னல் கண்ணாடியையும் சேர்த்து. அந்த வாடையில் மூன்று நாளாக எனக்குத் தலைவலி. அதோடு திருவொற்றியூர் போய் கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க லாரி நம்பர் தட்ட வேண்டியிருக்கிறது.

தயவுசெய்து தேதி எழுது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் கேட்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மகிழினி

*

ஓரலியா
4 பிப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

ஜெய்பீம். நலம், உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன்.

பிரியாணி போடச் சொல்லி யார் சொன்னது? நான் லீவு என்று எங்கே எழுதினேன்? நீ பி.காம். படித்தவள். அகராதியைப் புரட்டிப் பார்க்கக் கூடாதா?

ஒழுங்காகப் படி. ரயில்வேயில், பாங்கில், கார்ப்பரேஷனில் சாங்ஷன் என்றால் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். லோன் சாங்ஷன், லீவு சாங்ஷன். ஆனால் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீதோ, ஒரு கப்பல் மீதோ சாங்ஷன் போட்டால் அது தடை. நாங்கள் எண்ணெய் ஏற்றிய இடம் பிடிக்காமல் ஏதோ ஒரு அரசாங்கம் இந்தக் கப்பலைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் எந்தத் துறைமுகமும் எங்களை உள்ளே விடாது. முதலாளி போனை எடுப்பதில்லை. அவ்வளவுதான். ஒரே சொல்தான், இரண்டு அர்த்தம். பேச்சு எங்கே நடக்கிறது என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை அப்பாவுக்குப் பக்குவமாகச் சொல். அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது. கவலைப்பட எதுவும் இல்லை.

அறிவு

*

வியாசர்பாடி
16 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். பாடத்துக்கு நன்றி.

அப்பா நம்பவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து 1994-இல் அவருக்கு வந்த லீவு உத்தரவை எடுத்து, அதிலிருந்த முத்திரை மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தாறு வருசம் ரயில்வேல கேங்மேனா இருந்துகீறேன். எனுக்கா சாங்ஷன் தெரியாது? அவன் இன்னாவோ கோவத்துல எழுதிகினு கீறான்."

சரி, அவரை விடு என்று யார்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மனு எழுதி எடுத்துக்கொண்டு பாரிமுனையில் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். என் அண்ணன் வேலை செய்யும் கப்பல் சாங்ஷன் செய்யப்பட்டிருக்கிறது, அவரை ஊருக்கு அழைத்துவர உதவுங்கள் என்று ஆங்கிலத்தில் டைப் செய்த மனு. கவுன்டரில் இருந்தவர் படித்தார்.

"இன்னாம்மா, சாங்ஷன் ஆயிடுச்சுன்னு நீயே எழுதிகினு வந்துகீறே."

"ஆமா சார்."

"ஆயிடுச்சுல்ல. அப்பால இன்னா வோணும்?"

"அது அந்த சாங்ஷன் இல்ல சார். தடை."

"தடைன்னா தடைன்னு போடு. சாங்ஷன்னு போட்டுட்டு தடைன்றே. மேல இருக்கறவரு இன்னான்னு கேட்டா நா இன்னா சொல்றது?"

மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து இணையத்தில் போட்டேன். நாலாவது நாள் பதில் வந்தது: கோரிக்கை ஏற்கெனவே சாங்ஷன் ஆகிவிட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது. அதைப் படித்துவிட்டு யார்டில் கீபோர்டை ஓங்கித் தட்டியதில் ஒரு பட்டன் கழன்று விழுந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் அதற்கு வேறு பேச்சு வாங்கினேன்.

ஒரு கேள்வி. முதல் கடிதத்தில் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருந்தாயே, அது என்ன காகிதம்?

நல்லபடியாகச் சாப்பிடு.

மகிழினி

*

ஓரலியா
8 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

ஜெய்பீம். பேனா தீர்ந்துவிட்டது, பென்சிலில் எழுதுகிறேன். நலம்.

பதினோரு பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சமையல்காரர் அப்சலும் போய்விட்டார், ராயபுரத்துக்காரர். கேப்டனும் நாங்கள் நாலு பேரும் இருக்கிறோம். நானே சமைக்கிறேன்.

அடுத்த மனுவில் அந்தச் சொல்லைப் போடாதே. தடைப் பட்டியல் என்றே எழுது.

அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடு.

அறிவு

*

வியாசர்பாடி
20 மார்ச் 2024

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய்.

நேற்று அப்சல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நோன்பு என்பதால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தே பேசினார். பிப்ரவரியில் இன்ஜின் அறையில் நீ இரண்டு தடவை மயங்கி விழுந்தாயாம். ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லாததால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் மின்சாரமாம். "அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது." எனக்கு வருகிற ஆத்திரத்தில் உன் கடிதங்களைக் கிழிக்கலாம் என்றால் அவை போனில் இருக்கின்றன.

நான் அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏஜென்ட் ஒரு பேப்பர் கொண்டாந்து, யாரெல்லாம் கையெழுத்து போடறீங்கன்னான். எனுக்கு இங்கிலீசுல ஒரு எழுத்து வராதும்மா. படிக்கத் தெரியாத பேப்பர்ல நா இன்னாத்துக்கு போடறதுன்னு வுட்டுட்டேன். ஒங்க அண்ணன் படிச்சவரு. வாங்கிப் படிச்சாரு, சிரிச்சிகினே போட்டாரு. போடாதவங்க எல்லாம் வூடு வந்து சேந்துட்டோம். போட்டவங்க அங்கியே கீறாங்க."

அவர் போனில் அந்தக் காகிதத்தின் படம் இருந்தது. ஐந்து வரி. சாங்ஷன் செய்யப்பட்ட கப்பலில், மாற்று ஆள் வந்து ரிலீவ் செய்யும் வரை, தங்கி வேலை பார்க்கச் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறது.

ஜனவரியில் நீயும் லீவு என்றுதான் நினைத்தாய். அதனால்தான் "அப்பாவிடம் சொல்" என்று எழுதினாய். அர்த்தம் எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த பிறகு என்னை அகராதி புரட்டச் சொன்னாய்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்சல் அண்ணன் போன பிறகு பெட்டியை மூடிப் பூட்டிவிட்டார்.

மகிழினி

*

வியாசர்பாடி
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். இன்று அண்ணல் பிறந்தநாள். ஊர்வலம் நம் தெரு வழியாகப் போனது. அப்பா மாலை போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார்.

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. படகு இரண்டு தடவை வந்து போனதாக மஜீது பாய் சொல்கிறார். நான் கோபத்தில் எழுதினேன். அதை விட்டுவிடு, இப்போது இதைக் கேள்.

ராயபுரத்தில் மாலுமிகள் சங்கத்து வக்கீல் ஒருவரிடம் அப்சல் அண்ணன் அழைத்துப் போனார். ஜஸீமா என்று பெயர். காகிதத்தின் படத்தைக் காட்டினேன். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே, "இதை எத்தனை பேர் லீவுன்னு நெனச்சாங்க?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிராத ஒரே ஆள் அவர்தான்.

அவர் சொல்வது இதுதான். அர்த்தம் புரியாமல் போட்ட கையெழுத்து செல்லாது என்று அந்த ஊர்த் துறைமுக அதிகாரிகளிடம் வாதாடலாம். அதற்கு நீ உன் கையால் எழுதித் தர வேண்டும். என்ன படித்தாய், என்ன என்று நினைத்தாய், ஏன் கையெழுத்துப் போட்டாய். ஒரு பக்கம் போதும்.

அடுத்த படகில் அனுப்பு.

மகிழினி

*

ஓரலியா
27 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

ஜெய்பீம். நலம்.

எழுதித் தர முடியாது. இங்கிலீஷ் தெரியாதவன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் அது என் பெயரோடு நிற்கும். நாளைக்கு எந்தக் கப்பலில் எனக்கு வேலை கொடுப்பார்கள்? மாற்று ஆள் வரும்போது வரட்டும். நீ யார்டு வேலையைப் பார்.

அறிவு

*

வியாசர்பாடி
6 மே 2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஜஸீமா அக்காவிடம் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. காட்டினேன். அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

நம் பிளாக்கில் யார் வீட்டுக்குப் படிவம் வந்தாலும் "அறிவுகிட்ட குடு" என்பார்கள். அதில் உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமைக்காகக் கடலில் மயங்கி விழுந்து சாவேன் என்றால், செத்த பிறகு அந்தப் படிவத்தை இங்கே யார் நிரப்புவது? நான்தான். அதிலும் யாராவது சாங்ஷன் என்று எழுதிவிட்டு வரச் சொல்வார்கள்.

கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. இணையத்தில் மனுவை முடித்து வைத்த அதிகாரிக்குத் தெரியவில்லை. பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. உனக்கு மட்டும் தெரிந்தே இருக்க வேண்டும் என்று யார் கேட்டது?

நீ வேறு எதையோ மறைக்கிறாய். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவன் இல்லை நீ.

கீழே அப்பா அவரே எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

மகிழினி

அறிவு, அப்பா எழுதுவது. எனக்கு சாங்ஷன் என்று வந்தது எல்லாம் நல்ல காகிதம். வேறு மாதிரி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. ஊர் முழுக்கச் சொன்னவன் நான். ஊரைப் பற்றி நீ யோசிக்காதே. அந்த அம்மா கேட்பதை எழுதிக் கொடு. கோதண்டம்.

*

ஓரலியா
24 மே 2024

அன்புள்ள மகிழுக்கும் அப்பாவுக்கும்,

ஜெய்பீம்.

மறைத்ததை எழுதுகிறேன்.

அன்றைக்கு ஏஜென்ட் காகிதத்தைக் கொடுத்ததும் நான்தான் வாங்கிப் படித்தேன். மூன்றாவது வரியில் சாங்ஷன். கடைசி வரியில் ரிலீவ். நடுவில் இருந்தது புரியவில்லை. காக்கிநாடா சத்திபாபு என் தோளைத் தொட்டு, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். ஒடியாக்காரர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் வந்து நின்றார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "லீவு சாங்ஷன், ரிலீவ் பண்றாங்க, போடு" என்றேன். என் பேனாவைத்தான் வாங்கிப் போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துத்தான் கேப்டன் அர்த்தத்தைச் சொன்னார். அன்று சாயங்காலம்தான் உன் பிரியாணிக் கடிதம் வந்தது. அந்தக் கோபத்தை உன் மேல் கொட்டினேன். மற்ற மூவரிடம், ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லி வைத்தேன். மார்ச்சில் சத்திபாபுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மஜீது பாய் போனில் அவன் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கீழே இன்ஜின் அறைக்குப் போய்விட்டேன்.

நான் எழுதிக் கொடுத்தால் இதையும் எழுத வேண்டும். அதனால்தான் மாட்டேன் என்றேன்.

அப்பா எழுதியதைப் படித்த மறுநாள் மூவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஒடியாக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சத்திபாபு என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து நான் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை, தனியாகப் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்கிறான்.

இதோடு வக்கீல் கேட்ட வாக்குமூலம் இரண்டு பக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதவில்லை, தமிழில்தான் எழுதியிருக்கிறேன். ஜஸீமா அம்மாவை மொழிபெயர்த்துக்கொள்ளச் சொல்.

அறிவு

*

ஓரலியா
11 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

ஜெய்பீம். அப்பாவுக்கும் சொல்.

இனிமேல் நலம் என்று வெறுமனே எழுதமாட்டேன். என் எடை ஐம்பத்தொரு கிலோ. இரண்டு தொடையிலும் சிரங்கு. ஒரு கடைவாய்ப்பல் விழுந்துவிட்டது. இரண்டு வேளை கஞ்சி. மீன் பிடித்தால் மீன். தலைசுற்றல் குறைந்திருக்கிறது.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். என் வாக்குமூலத்தை வைத்து மற்ற மூன்று பேரின் கையெழுத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். அவர்கள் காகிதத்தைப் படிக்கவே இல்லை, என் பேச்சை நம்பிப் போட்டார்கள் என்பதால். நான் படித்துவிட்டுப் போட்டவன். அதனால் கேப்டனோடு நானும் மாற்று ஆள் வரும்வரை இருக்க வேண்டும் என்றார்கள். இதைக் கேட்டு நீ குதிப்பாய் என்று தெரியும். ஜஸீமா அம்மாவிடம் சண்டைக்குப் போகாதே. மாற்று ஆட்களை ஆகஸ்டுக்குள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவும் வாங்கித் தந்திருக்கிறார். எனக்கு அது போதும்.

மூன்று பேரும் மஜீது பாய் படகிலேயே போனார்கள். ஒடியாக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சத்திபாபு ஏணியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கேட்கவில்லை, நானாகத்தான் உன் எண்ணை எழுதி அவன் பையில் வைத்தேன்.

அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அறிவு

*

வியாசர்பாடி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். அப்பா நலம், முட்டி மட்டும் பழையபடி. நான் நலம், யார்டில் புது கீபோர்டு வந்திருக்கிறது.

மாற்று ஆட்கள் இரண்டு பேரும் இருபதாம் தேதி கப்பலுக்கு வருகிறார்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் படகில்தான் அவர்களும் வருவார்களாம். நீ அதே படகில் இறங்கிவிட வேண்டும். யாராவது எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மஜீது பாயிடம் சொல்லிக் கரைக்கு வந்ததும் படம் எடுத்து ஜஸீமா அக்காவுக்கு அனுப்பு. வீறாப்பு வேண்டாம். விமானம் இருபத்திரண்டு, காலை பதினொன்றரைக்கு மீனம்பாக்கம். டிக்கெட்டை நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அப்பா ஒரு தடவை படித்தார். அப்சல் அண்ணன் படிக்கத் தெரியாமலேயே வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அப்பா இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. நீ படியேறி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்.

உனக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு விஷயம். ஜூலை கடைசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் காக்கிநாடாவிலிருந்து ஒரு போன் வருகிறது. அவர் பெயர் சொன்னதில்லை. குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். "அறிவு வந்துட்டானா?" என்று உடைந்த தமிழில் கேட்பார். இன்னும் இல்லை என்பேன். உடனே வைத்துவிடுவார். உன் உடம்பைப் பற்றிக் கேட்டதில்லை, சொல்லச் சொன்னதும் இல்லை. போன வாரம் நான் இரண்டு வார்த்தை பேசலாம் என்று பார்த்தேன், அதற்குள் வைத்துவிட்டார்.

இன்றைக்கும் வந்தது. இருபத்திரண்டாம் தேதி என்றேன். விமான நம்பரைக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

மகிழினி